பாடி கட்டியது யார்?

பழைய ரோல்ஸ்ராய்ஸ் காடியைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது, எந்த வருஷத்து வண்டி, என்ன விலை என்பதுதான். பாடி கட்டியது யார் என்று கேட்பவர் அரிது. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். 1949-இல் சில்வர் டான் வரும்வரை அந்தக் கம்பெனி தானே பாடி கட்டிக் கார் விற்றதில்லை. இன்ஜின், சேஸிஸ், முன்னால் நிற்கும் ரேடியேட்டர், இவ்வளவுதான் அவர்கள் கொடுப்பது. மற்றதை வாங்குபவர் லண்டனில் பார்க்கர், ஹூப்பர், திரப் அண்ட் மேபர்லி போன்ற பட்டறைகளில் தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொள்வார்.

கரூரில் பஸ்ஸுக்கும் திருச்செங்கோட்டில் லாரிக்கும் இன்றும் இப்படித்தான் பாடி கட்டுகிறார்கள். வெறும் சேஸிஸில் டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டி வருவார். சில வாரங்களில் அது வண்டியாகித் திரும்பும். அந்த நாள் சொகுசு காருக்கு ஆஷ் மரத்தில் சட்டம் அடித்து, கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகட்டை அதன்மேல் போர்த்துவார்கள்.

மன்னர்களின் ஆசைக்கு அளவே இல்லை. ஹைதராபாத் நிஜாம் மகபூப் அலி கான் கேட்டது சிம்மாசனம் வைத்த கார். பார்க்கர் பட்டறை கட்டிக்கொடுத்தது. அவர் அதில் ஏறவே இல்லை, 1911-இல் காலமாகிவிட்டார். ராஜ்கோட் மன்னருக்கு 1934-இல் திரப் அண்ட் மேபர்லி கட்டிய காவி நிற ரோல்ஸ்ராய்ஸின் பெயர் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'. பல கைகள் மாறிய அந்த வண்டியை அரச குடும்பமே மீண்டும் வாங்கிக்கொண்டது.

தோற்றத்தை நம்பி முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்குக் கல்கத்தாவின் அன்னப்பறவைக் காரைச் சொல்லலாம். முன்பாகம் முழுக்க அன்னத்தின் கழுத்து, மரப் பாடியில் பொன் தகட்டுத் தாமரைகள். கூட்டத்தை விலக்க அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சுமாம். பார்த்தால் நம் ஊர்ச் சிற்பி செய்த கோயில் வாகனம் என்றே சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் ராபர்ட் மாத்யூசன் என்ற வெள்ளைக்காரருக்காக 1910-இல் அதைக் கட்டியது இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் இருந்த புரூக் கம்பெனி. இன்று அது நெதர்லாந்தின் லூமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நம் பக்கத்துப் பட்டறைகளும் சாதாரணமானவை அல்ல. மதராஸில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டியும் ரயில் பெட்டியும் கட்டிய கம்பெனி. 1903-இல் அங்கேதான் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். இந்தியாவில் கட்டிய முதல் நீராவிக் கார் அது. கம்பெனி பெயர் தெரிகிறது, கிரீன் பெயர் தெரிகிறது. மரம் இழைத்த தச்சர், தகடு தட்டிய கொல்லர், தோல் தைத்தவர் பெயர்களை எந்தத் தகட்டிலும் பொறிக்கவில்லை. என் மனத்தை உறுத்துவது அதுதான்.

ஒரு பாடி யார் கைவேலை என்று கண்டுபிடிப்பது பொறுமையான வேலை. கதவைத் திறந்தால் அடிப்படியில் பட்டறையின் சிறு தகடு இருக்கலாம். சேஸிஸ் எண் கிடைத்தால் நல்லது. ரோல்ஸ்ராய்ஸ் என்றால், இங்கிலாந்தின் பாலர்ஸ்பரியில் ஆர்வலர் சங்கம் காக்கும் சேஸிஸ் அட்டைகளில் முதலில் வாங்கியவர் யார், பாடி கட்டியது யார் என்று பார்த்துவிடலாம். அட்டை சொல்வதும் கண்முன் நிற்பதும் ஒத்துப்போகாத வண்டிகள் நிறைய. பாடி உளுத்தால் வேறு பாடி போடுவார்கள். பெரிய மனிதர் ஏறிய லிமோசின் வயதான பின் சவ வண்டியாக ஓடியிருக்கும். நல்ல விலை கிடைக்கும் என்று மூடிய பாடியைக் கழற்றிவிட்டுத் திறந்த பாடி ஏற்றியவர்களும் உண்டு. அந்த இடத்தில் சாட்சி சொல்வது பழைய புகைப்படம்தான். ரேடியேட்டர் கம்பெனியைச் சொல்லும். அதற்குப் பின்னால் கதவுக் கீல் எந்தப் பக்கம், ஜன்னல் கோடு எங்கே இறங்குகிறது, மட்கார்ட் எப்படி வளைகிறது என்று பார்த்தால் பட்டறை பிடிபடும்.

பேராக் தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் பின் வந்த தோட்டங்களில் நம்மவர் சீவிய பால், உலகத்துக் கார்களுக்கு டயராகப் போனது. துரையின் காரைத் துடைத்தவரும் ஓட்டியவரும்கூட நம்மவர்தான். குனோங் ராபாட்டிலும் புந்தோங்கிலும் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் காருக்குப் பக்கத்தில் தாத்தா விறைப்பாக நிற்கும் படம் இருக்கும். தாத்தாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிடாதீர்கள். முழுப் படத்தையும் எண் தகட்டோடு நகல் எடுங்கள். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் வருஷம், மூன்றையும் பென்சிலால் பின்பக்கம் எழுதி வையுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.