வண்டுகடிக்கு வேண்டியது முழு வைத்தியம்

செங்கற்பட்டு வட்டாரத்தில் தேகத்தில் ஒரு படை கண்டால், அந்தக் காலத்து ஜனங்கள் முதலில் நினைத்துக் கலங்கியது திருமணியைத்தான். 1924-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளர் இல்லமாய்த் தொடங்கி, 1955-ல் மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமாகிய அந்த ஸ்தாபனம் இருக்கும் ஊரில், தோலில் தோன்றும் எந்த மாற்றமும் பயத்தை விளைவித்தது இயல்பே. ஆனால் தொழுநோயின் படை பெரும்பாலும் உணர்ச்சியற்றுக் கிடக்குமேயன்றி அரிப்பதில்லை. இரவெல்லாம் தூங்கவிடாமல் அரித்து, வட்ட வட்டமாய்ப் பரவி, ஓரம் சிவந்து நடு வெளுத்து நிற்பது படர்தாமரை என்னும் வேறொரு வியாதி.

இதை நம்மவர் வண்டுகடி என்பார்கள். உண்மையில் கடித்த வண்டு எதுவும் இல்லை; தோலின் மேற்படலத்தைத் தின்று வாழும் பூஞ்சையே இதன் காரணம். அதற்கு வேண்டியவை வெப்பமும் ஈரமும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உப்புக் காற்றில் வியர்த்து உழைக்கும் மீனவர்களுக்கும், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் நாள் முழுதும் உளி பிடிப்பவர்களுக்கும், இடுப்பில் துணி இறுகும் இடமும், நனைந்து காயாத அரைஞாண்கயிறும் இப்பூஞ்சைக்கு உறைவிடங்களாகிவிடுகின்றன.

பழைய நாளில் சில வாரக் களிம்பில் அடங்கிய இவ்வியாதி, இன்று மாதக்கணக்கில் நீடிப்பதற்கு ஒரு முக்கியமான காரணம், மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பாகும். அதைப் பூசினால் இரண்டொரு நாளில் சிவப்பும் அரிப்பும் மறைகின்றன. ஆனால் தேகத்தின் எதிர்ப்புச் சக்தி அவ்விடத்தில் மழுங்குவதால் பூஞ்சை மறைவாக வளர்ந்து, களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் அகலமாய்ப் பரவுகிறது. நாளடைவில் தோல் மெலிந்து, கோடுகோடாய் வெடித்துத் தழும்பாகிறது. 2018-ல் மத்திய சர்க்கார் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது இந்த அபாயத்தை உத்தேசித்தே. போதாக்குறைக்கு, டெர்பினாஃபின் என்னும் சிறந்த ஔஷதத்துக்கும் எளிதில் வசப்படாத ஒரு பூஞ்சை இனம் பரவியிருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 2020-ல் அதற்கு இட்ட பெயரிலேயே இந்தியாவின் பெயர் சேர்ந்திருக்கிறது.

ஆயினும் மனம் தளரக் காரணமில்லை. செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலே பூஞ்சை தெரிந்துவிடும். பூஞ்சைக்கென்றே அமைந்த களிம்பை, படையின் விளிம்புக்கு அப்பாலும் இரண்டு விரற்கடை சேர்த்துப் பூச வேண்டும். பரவலாய் இருந்தால் டெர்பினாஃபின் அல்லது இட்ராகொனசோல் மாத்திரையை, ஈரலின் நிலையையும் மற்ற மருந்துகளையும் கவனித்து, மருத்துவர் பல வாரங்களுக்குத் தருவார். ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் சிகிச்சை செய்வது பிரயோஜனமற்றது. அரிப்புள்ள யாவரும் ஏககாலத்தில் சிகிச்சை பெற வேண்டும். துண்டும் உள்ளாடையும் தனித்தனியே இருத்தல், வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தல் ஆகியவையும் வைத்தியத்தின் பகுதிகளே.

நம் முன்னோர் சீமையகத்திக்கு வண்டுகொல்லி என்றே பெயரிட்டனர். அதன் இலையில் பூஞ்சையை ஒடுக்கும் சத்துக்கள் உண்டென ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. சித்த வைத்தியத்தை நாடுவோருக்கு 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரத்தில் இருக்கிறது. ஆனால் பச்சிலையைப் புண்ணில் தாமாகவே தேய்த்துக்கொள்வதும், இரு வைத்தியங்களை மருத்துவர் அறியாமல் கலப்பதும் தவறு என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அரிப்பு நின்றவுடன் பூஞ்சை அழிந்துவிட்டதென்று எண்ணி மருந்தை நிறுத்துவதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. மருத்துவர் சொன்ன நாள் வரையில் அதைத் தொடருங்கள். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ செல்லும்போது, இதுவரை தடவிய களிம்பின் குழாயை மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அரிப்புள்ள எல்லோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.