கொடுவாக் குஞ்சின் சாப்பாட்டுக் கணக்கு

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே சென்றால் கோவளம் வரும். அதன் அருகே உப்பங்கழிக் கரையில் இருக்கிறது முட்டுக்காடு. 1987-இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இங்கு உள்ளது. கொடுவா மீனைத் தொட்டியில் வளர்த்து, முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைப்பதில் 1997-இல் இந்நிறுவனம் வெற்றி கண்டது.

குஞ்சு பொரித்தால் போதுமா? அதற்குச் சாப்பாடு போட வேண்டாமா? கொடுவா ஓர் ஊனுண்ணி. பசி மிகுந்தால் பெரிய குஞ்சு தன் உடன்பிறப்பையே விழுங்கிவிடும்! ஆகவே குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரித்து வளர்க்கிறார்கள். முதலில் உயிருள்ள நுண்ணுயிரிகளைக் கொடுத்து, பின்னர் குருணைத் தீவனத்துக்குப் பழக்குகிறார்கள். அத்தீவனத்தின் 100 கிராமில் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் வரை புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்திலோ சுமார் 22 கிராம்தான். ஏன் இந்த வேறுபாடு?

விடையின் ஒரு பகுதி வெப்பவியலில் இருக்கிறது. கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 பாகை செல்சியஸ். உடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்ட அது நிறையத் தானியத்தை எரிக்க வேண்டும். மீனின் உடலோ ஏறக்குறைய நீரின் வெப்பநிலையிலேயே இருக்கிறது. அதற்கு அந்தச் செலவு இல்லை; குறைந்த தீவனமே போதும். எடுத்துக்காட்டாக, கோழிக்குஞ்சு 100 கிராம் தீவனம் தின்றால் 22 கிராம் புரதம் கிடைக்கும். மீன் 50 கிராம் தின்றாலும், 45 விழுக்காட்டில் 22.5 கிராம் கிடைத்துவிடும். விழுக்காட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது!

மற்றொரு காரணம், ஊனுண்ணி மீன்கள் மாவுப்பொருளைச் சரிவரப் பயன்படுத்துவதில்லை. புரதத்தையே எரிபொருளாகவும் செலவிடுகின்றன. தீவனத்தில் தக்க அளவு கொழுப்பு சேர்த்தால், புரதம் தசை வளர்ச்சிக்கு மிஞ்சும்.

அளவு மட்டுமன்று, தரமும் முக்கியம். மீனுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் பத்து. கதம்பம் தொடுக்கையில் மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால், மல்லிகை கூடை நிறைய இருந்தும் கதம்பம் நின்றுவிடும் அல்லவா? அதுபோல, ஒரு அமிலம் குறைந்தாலும் வளர்ச்சி தடைப்படும். சோயாவில் மெத்தியோனின் குறைவு. மீன்தூளில் எல்லாம் உண்டு. ஆனால் விலை அதிகம். அதற்காக மத்தி போன்ற சிறு மீன்களைக் கடலிலிருந்து அள்ளினால், எளிய மக்களின் உணவு குறையும். ஆகவேதான் சோயாவையும் மீன்தூளையும் தக்கபடி கலக்க ஆய்வுகள் நடக்கின்றன.

புரதம் மிகுந்தாலும் தொல்லையே. கழிவு நைட்ரஜனை மீன் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. அது மீனுக்கே நஞ்சு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலா 2 கிராம் எடையுள்ள 1000 குஞ்சுகள். நாள் தீவனம் உடல் எடையில் 8 விழுக்காடு. அதில் 45 விழுக்காடு புரதம். தீவனம் 160 கிராம். புரதம் 72 கிராம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், நைட்ரஜன் சுமார் 11.5 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கே உடலில் தங்குவதாகக் கொண்டால், நாள்தோறும் நீரில் சேரும் நைட்ரஜன் எவ்வளவு? பத்து நாளில் எவ்வளவு? விடை கண்டதும், மீன் வளர்ப்பவர் ஏன் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்பது உங்களுக்கே விளங்கும்.