பாட்டியிடமே கேளுங்கள், டாக்டர்!

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். எழுபது வயது அம்மா ஓ.பி. சீட்டோடு ஸ்டூலில் உட்காருவார். "என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்பதோ பக்கத்தில் நிற்கும் மகனிடம். "மூட்டு வலிங்க, தூக்கம் வரலைங்க" என்பார் மகன். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று மாத்திரை எழுதியாகிவிடும். கதவுக்கு வெளியே நீளும் வரிசையைப் பார்த்தால் மருத்துவரை மட்டும் குறை சொல்ல மனம் வராது. ஆனால், வாயில் வராத நோய் அந்த அம்மாவோடு வீட்டுக்கே திரும்பிவிடுகிறது.

அப்படித் திரும்பும் நோய்களில் முக்கியமானது கர்ப்பப்பை இறக்கம். பிரசவங்களால் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகள், மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் பலமிழக்கின்றன. பளு தூக்கியே பழகிய உடம்பு என்றால் கேட்கவே வேண்டாம். குந்தி உட்கார்ந்தால் சதை வெளியே வரும்; கையாலேயே உள்ளே தள்ளிக்கொள்வார்கள். இருமினால் சிறுநீர் கசியும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள், பஸ் ஏற மாட்டார்கள், கல்யாண வீட்டுக்குப் போகமாட்டார்கள். மகனை வைத்துக்கொண்டு இதை எந்தத் தாய் சொல்வார்? இத்தனைக்கும் இதற்குத் தீர்வு இருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால் தசைப் பயிற்சி உதவும். அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கு, கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் சிலிக்கோன் வளையத்தை ஓ.பி.யிலேயே பொருத்திவிடலாம்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் சொட்டு ரத்தம் பட்டாலும் அதை 'சூடு' என்று விடக் கூடாது. கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

இதய நோயில் சிக்கல் வேறு மாதிரி. மாரடைப்பு வரும்போது பெண்களுக்கும் நெஞ்சு வலிக்கும். கூடவே மூச்சு வாங்குவது, தாடையிலும் முதுகிலும் வலி, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம் வருகின்றன. வீட்டில் அதற்கு 'வாயு' என்று பெயர் வைத்து சோடா வாங்கிக் கொடுத்தால், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய நேரம் போய்விடும்.

மருத்துவ ஆராய்ச்சியும் நெடுங்காலம் பெண்களை ஒதுக்கியே வைத்திருந்தது. ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 1980களில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அவர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைந்தது. பிறகு 45 வயதைக் கடந்த 39,876 பெண்களிடம் தனியாக ஆராய்ந்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் பெண்களுக்கு மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம்தான் குறைந்தது. ஆணுக்குச் சரிப்பட்டதைப் பெண்ணுக்கும் அப்படியே எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனாலும், கர்ப்பப்பை இறங்கியதைப் பாட்டி சொல்ல வேண்டுமென்றால் கூச்சமில்லாமல் பேச ஓர் அறையும் ஐந்து நிமிடமும் வேண்டும். அதை எல்லா ஓ.பி.யிலும் ஏற்படுத்தித் தருவது அரசின் கடமை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அம்மாவை அழைத்துப்போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழறினால் மறதி நோய் என்று முடிவுகட்டாதீர்கள்; பக்கவாதமோ, சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ காரணமாக இருக்கலாம், உடனே கொண்டுபோங்கள். டாக்டர் முன்னால் அம்மாவைப் பேசவிடுங்கள். அவர் தயங்கினால், கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள்.