கைத்தொலைபேசியும் சொந்தத் தொழினுட்பமும்: குறிஞ்சிப்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடு, மேற்கே பெருங்கடலுக்கும் கிழக்கே புத்தளம் கடனீரேரிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையாகும். அதன் கரையோரக் கிராமங்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. மீன்பிடியும், மணலில் கிணறு தோண்டி நீரிறைத்துச் செய்யும் தோட்டப் பயிர்ச்செய்கையும் இக்குடாநாட்டு மக்களின் வாழ்வாதாரங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேலைக் கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் அமைதியடையும். காற்றின் பெயரையும் குணத்தையும் அறிந்து தொழில் செய்யும் இம்மக்களிடம் இன்று கைத்தொலைபேசியும் உண்டு. வளர்முக நாடுகளின் சொந்தத் தொழினுட்பம் பற்றிப் பேசுவோர் அதனை எங்கே தேட வேண்டும் என்னும் வினாவை இக்கரையில் நின்று நோக்குவது பயனுடையது.

சொந்தத் தொழினுட்பம் என்றதும் உள்நாட்டில் ஆக்கப்பட்ட பொருள் என்றே பலரும் கருதுகின்றனர். அவ்வாறாயின் கட்டுமரத்துடன் நமது பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிடும். இன்றைய படகின் இயந்திரமும் நைலோன் வலையும் கைத்தொலைபேசியும் வெளியுலகின் மூலதனத்தோடு பிணைந்து வந்தவையே. ஆனால், ஒரு கருவி எங்கே செய்யப்பட்டது என்பது வினாவின் ஒரு பாதி மட்டுமே. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதை யார் தீர்மானிக்கின்றனர், அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பன மறு பாதியாகும். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது.

தென்னாசியாவில் செல்லிடத் தொலைபேசிச் சேவை முதன்முதலில் 1989 இல் இலங்கையிலேயே தொடங்கியது. அக்காலத்தில் அது செல்வர்களின் கருவி. அது உழைப்போர் கைக்கு வந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்குக் கேரளத்தின் வடகரை சிறந்த சான்றாகும். 1997 ஜனவரி 14 அன்று வடகரைத் துறையில் பதினொரு படகினர் வாங்குவாரின்றித் தம் மீனைக் கொட்டிவிட நேர்ந்தது. அதே வேளையில் 15 கிலோமீற்றர் சுற்றளவிலிருந்த சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடையாது நின்றனர். இதனை எடுத்துக்காட்டிய பொருளியலறிஞர் றொபேட் ஜென்சன், 1997 முதல் 2001 வரை அக்கரையில் கைத்தொலைபேசி படிப்படியாகப் பரவியதன் விளைவுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். முன்னர் அன்றாடம் பிடிபட்ட சாளை மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகியது. தொலைபேசி வந்தபின் அவ்வீண்விரயம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலையும் 4 சதவீதம் குறைந்தது. கடலில் இருந்தபடியே எத்துறையில் என்ன விலை என்று கேட்டறிந்து படகைத் திருப்பும் வழக்கத்தை எந்தத் தொலைபேசி நிறுவனமும் கற்பிக்கவில்லை. அது மீனவர் கண்ட வழி.

எனினும் இம்முடிவை எல்லாக் கரைகளுக்கும் அப்படியே பொருத்துவது தவறாகும். படகுக்கும் வலைக்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்ற மீனவன், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கக் கடமைப்பட்டவன். அயற்றுறையில் விலை கூடுதல் என்று தொலைபேசி அவனுக்குச் சொல்லலாம். அங்கே விற்கும் உரிமையை அது கொடுக்காது. தகவல் சமமாகப் பரவுவதால் மட்டும் உற்பத்தி உறவுகள் மாறிவிடுவதில்லை. கடன் கூட்டுறவு ஒன்று அருகே இருக்குமாயின் அதே தகவல் பேரம்பேசும் வலிமையாகின்றது. எனவே கருவியைப் பற்றிய ஆய்வு கடனைப் பற்றிய ஆய்வாகவும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது சான்று புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராமத் தகவல் நிலையங்களை அமைத்தது. அமெரிக்கக் கடற்படையின் அலை முன்னறிவிப்புகளை இணையத்திலிருந்து பெற்று, தமிழில் ஒலிபெருக்கி மூலம் மீனவருக்கு அறிவிப்பது அவற்றின் பணிகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலைசெய்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் நிலையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். அன்று அவர்களைக் காத்த கருவிகளுள் எதுவும் புதியதன்று. தொலைபேசி, ஒலிபெருக்கி, விளங்கும் மொழி, அறிவிப்பைக் கேட்டு நடக்கும் வழக்கம் ஆகிய நான்கும் ஒன்றாய் இணைந்தமையே அங்கு நிகழ்ந்த புத்தாக்கம். நமது நாட்டில் கொத்மலைச் சமுதாய வானொலி, இணையத்தில் நேயர் கேட்டவற்றைத் தேடி ஒலிபரப்பில் விளக்கிய முயற்சியும் இவ்வகையினதே.

சிறு வழக்கங்களையும் நாம் புறக்கணித்தலாகாது. கட்டணமின்றிச் செய்தி சொல்ல நம்மவர் கையாண்ட ‘றிங் கட்’ முறையை நோக்குக. இருமுறை ஒலித்தால் புறப்பட்டாயிற்று, ஒருமுறை ஒலித்தால் திரும்ப அழை என்றவாறு தமக்குள் குறிகளை வகுத்தவர்கள் வறியவர்களே. ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் மக்கள் அழைப்புக்கான மீதித்தொகையையே பணம்போல் ஒருவருக்கொருவர் அனுப்பிவந்தனர். 2007 இல் கெனியாவில் எம்-பெசா தொடங்குமுன்னரே இவ்வழக்கம் நிலவியது. இலங்கையில் 2012 இல் ஈசி காஷ் சேவை வந்தது. மக்களின் தந்திரமொன்று பின்னர் நிறுவனத்தின் பண்டமாவதை இங்கே காண்கிறோம். பண்டமானபின் அதற்குக் கட்டணம் செலுத்துவோரும் அதே மக்களே.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடி இவ்விடயத்தின் இரு பக்கங்களையும் ஒருங்கே காட்டியது. எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசை நீண்டிருந்தபோது, உள்நாட்டுத் தொழினுட்பவியலாளர் ஆக்கிய தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கைத்தொலைபேசியிலோ அச்சிட்ட தாளிலோ உள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டி வாகனத்துக்குரிய வாராந்தப் பங்கைப் பெற முடிந்தது. வரிசைகள் சுருங்கின. 2023 செப்ரெம்பரில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டு நிபுணரை எதிர்பாராது நமது இளைஞர் சாதித்த இதனைப் பாராட்டுதல் தகும். ஆயின் 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுகள் கரையில் கிடந்தன. குறியீடு இருப்பதைப் பங்கிடும், இல்லாததை ஆக்காது. இயந்திரத்தை ஏற்றவர்கள் எண்ணெயின் அடிமைத்தனத்தையும் சேர்த்தே ஏற்றிருந்தனர் என்பதை அக்காலம் உணர்த்திற்று.

ஆகவே நாம் கூறவேண்டுவது இது: குறிஞ்சிப்பிட்டி போன்ற கிராமங்கள் தொழினுட்பத்தைப் பெற்றுக்கொள்ளும் இடங்கள் மட்டுமல்ல, அதனை மாற்றியமைக்கும் இடங்களுமாகும். காற்றறிவும் கடலறிவும் கணக்கறிவும் அங்குள்ளன. அங்கில்லாதவை கடனிலிருந்து விடுதலையும், தமிழில் காலத்தோடு கிடைக்கும் தகவலும், எரிபொருள் விலை உயரும்போது தாங்கிநிற்கும் கூட்டுறவும் ஆம். கைத்தொலைபேசி எத்தனை பேரிடம் உண்டு என்று எண்ணுவது எளிது. அதனால் யாருடைய பேரம் வலுத்தது என்று கேட்பது கடினம். பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கரைக்குச் சென்று கேட்கவேண்டிய வினா அதுவே. அதற்கான விடையை மீனவரோடு சேர்ந்து தேடும்போதுதான், பிறர் செய்த கருவியும் நமது தொழினுட்பமாகும்.