4,100 ரூபாய்க்கு ஓர் ஆராய்ச்சி

ஓசூரிலிருந்து ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுரா வரை போகும் சாலையில், பிளஸ் டூ முடிவு வரும் பருவத்தில் பொறியியல் படிப்பு விளம்பரங்களுக்குப் பஞ்சமே இருக்காது. முன்பெல்லாம் பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது பேக்கேஜ்தான்: இத்தனை லட்சம் சம்பளம் என்று. இப்போது அதற்குக் கீழே இன்னொரு வரியும் ஏறியிருக்கிறது. இத்தனை காப்புரிமை, இத்தனை ஆய்வுக் கட்டுரை, இத்தனை பிஎச்டி. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்துக் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்க்க வரும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பெற்றோர் சம்பள வரியைச் சந்தேகத்தோடு படிக்கப் பழகிவிட்டார்கள். ஆராய்ச்சி வரி என்றால் இன்னும் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையில்தான் ஆபத்து.

காப்புரிமையை முதலில் பார்ப்போம். 2021 செப்டம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்திக் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகம் இணையவழியில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பம் 18 மாதம் கழித்து காப்புரிமை இதழில் தானாகவே வெளியாகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் படிவம் 9-ஐ நிரப்பி 2,500 ரூபாய் கட்டினால் போதும், ஒரு மாதத்துக்குள் வெளியிட்டுவிடுவார்கள். மொத்தம் 4,100 ரூபாய். ஏஜென்ட் கூலி தனி.

இந்தக் கட்டம் வரை, கண்டுபிடிப்பு புதிதுதானா, வேறு யாரேனும் முன்பே செய்ததா, உருப்படியாக வேலை செய்யுமா என்று அரசுத் தரப்பில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார். பார்க்கச் சொல்லிப் படிவம் 18-ல் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு மேலும் 4,000 ரூபாய். கர்நாடக விண்ணப்பங்கள் சென்னை, கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. பரிசோதனை தொடங்கினால் ஆட்சேபங்கள் வரும், ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், திருப்தியில்லை என்றால் நிராகரிப்பு. சிரமம் முழுவதும் இங்கேதான். பரிசோதனையே கேட்காமல் விட்டுவிட்டால்? 2024 மார்ச்சுக்குப் பின் தாக்கலானவற்றுக்குக் கெடு 31 மாதம். அது தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். சத்தமில்லாமல் செத்துப்போகும். பலகையில் ஏறிய எண்ணிக்கை மட்டும் இறங்காது.

‘பேட்டன்ட் பப்ளிஷ் ஆயிடுச்சு’ என்று ஒரு பேராசிரியரோ மாணவரோ சொல்லும்போது நமக்குக் காதில் விழுவது ‘காப்புரிமை கிடைத்துவிட்டது’ என்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழுப் பரிசோதனை இருக்கிறது. கல்லூரிகள் ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டுகின்றன என்பதற்கும் காரணம் ரகசியமில்லை. என்ஐஆர்எஃப் எனப்படும் தேசியத் தரவரிசையில் பொறியியல் பிரிவுக்கு ஆராய்ச்சியின் பங்கு 30 சதவீதம். அதில் வழங்கப்பட்ட காப்புரிமைக்கும் மதிப்பெண் உண்டு, வெறுமனே வெளியானதற்கும் உண்டு. ஒரே விண்ணப்பத்தில் பத்துப் பன்னிரண்டு கண்டுபிடிப்பாளர்கள், ஆளுக்கொரு மாநிலத்துக் கல்லூரி என்று இருந்தால் எனக்குக் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

ஆய்வுக் கட்டுரைகளின் கதை இதைவிடப் பெரிது, ஆனால் ஓரளவு தெரிந்தது. 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கும் அதிகமான கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000-க்கு மேல் வைலி நிறுவனத்தின் கையிலிருந்த ஹிந்தாவி இதழ்களில் வந்தவை. கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் ஆலைகள் அந்த இதழ்களின் சிறப்பு வெளியீடுகளில் புகுந்திருந்தன. நம் பக்கமும் சுத்தமில்லை: ஹைதராபாத்தில் கிளம்பிய ஓமிக்ஸ் பதிப்பகம், ஆய்வாளர்களை ஏமாற்றியதாக 2019-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பு வாங்கியது. திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையை என்ஐஆர்எஃப் கொண்டுவந்தது 2025-ல்தான். அதே ஆண்டு, நம்பகமான இதழ்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த ‘கேர்’ பட்டியல் கைவிடப்பட்டது. எந்த இதழ் தரமானது என்று தீர்மானிப்பது இனி அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

‘தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇ பார்த்துக்கொள்ளாதா?’ என்று கேட்பார்கள். இதற்குப் பதில் திருச்சியிலிருந்து வருகிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டில் 2001-ல் உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏஐசிடிஇ-யின் முன் அனுமதி தேவையில்லை என்றது. நெறிகளைப் பின்பற்ற வேண்டும், ஏஐசிடிஇ வந்து பார்க்கலாம், அவ்வளவே. கல்லூரிக்கு அனுமதி வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு வேண்டாம் என்ற இந்த வேறுபாடு ஆனேக்கலில் மிக முக்கியம். 2010-ல் மாநிலச் சட்டத்தின் மூலம் உருவான அலையன்ஸ் பல்கலைக்கழகம் இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. இப்படித் தனிச் சட்டத்தில் பிறந்த எந்தத் தனியார் பல்கலைக்கழகமும் பெலகாவியின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ் வராது. பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பெண், பட்டம், பிஎச்டி எல்லாம் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் கையிலேயே. நல்லவர் கையில் இது பெரிய சுதந்திரம். மற்றவர் கையில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மேலே ஒரு பல்கலைக்கழகம் இருந்து ஆய்வு செய்த இடத்திலேயே என்ன நடந்தது என்பதையும் நாம் பார்த்தோம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதை வெளியிட்டது. அவர்கள் கணக்கில் 353 ஆசிரியர்கள், 224 கல்லூரிகள். பிறகு பல்கலைக்கழகமே பார்த்தபோது 189 பேர் சுமார் 2,000 இடங்களை நிரப்பியிருந்தது தெரிந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் கண்ணில் இதெல்லாம் எப்படிப் படாமல் போனது? அடுத்த பிப்ரவரியில் வேறொரு பக்கம் வெடித்தது. ஆந்திரப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர் தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமிடும் நாக் அமைப்பின் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது.

இதில் வேதனை என்னவென்றால், உண்மையான ஆராய்ச்சிக்கு ஆனேக்கலைப் போல வசதியான வட்டம் அபூர்வம். பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள் உள்ளேயே இருக்கின்றன. எல்லை தாண்டினால் ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. கடைசி நிலையங்களின் பெயர்களே கம்பெனிப் பெயர்கள். உலோகம், மருந்து, கழிவுநீர், எரிசக்தி என்று கையெட்டும் தூரத்தில் இத்தனை கேள்விகள் கிடக்கின்றன. ஆனால் 2024-ல் ஏஐசிடிஇ ஒரு பிரிவுக்கு இத்தனை சீட் என்ற உச்சவரம்பை நல்ல நிறுவனங்களுக்கு நீக்கியதும் பெருகியது கம்ப்யூட்டர் சயின்ஸ்.

சேர்க்கைக்கு முன் சரிபார்க்கக் காசு செலவில்லை. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பிஎச்டி மாணவருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. இது யுஜிசி-யின் 2022 விதி. துறையில் மூன்றே பேராசிரியர்கள், அவர்களிடம் நாற்பது ஆய்வு மாணவர்கள் என்றால் கூட்டிப் பார்க்கலாம். முடிந்த ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் திறந்தே கிடக்கின்றன. திரும்பப் பெற்ற கட்டுரைகளின் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தரவுத்தளம் 2023 முதல் எல்லோருக்கும் இலவசம். தொழில்நுட்பப் படிப்புகளுக்கான என்பிஏ தரச் சான்று பல்கலைக்கழகம் முழுவதற்கும் தரப்படுவதில்லை, தனித்தனிப் படிப்புக்குத்தான். பிள்ளை சேரப்போகும் படிப்பின் பெயரில் கேட்க வேண்டும்.

காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலும் விண்ணப்பதாரர் இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை அடித்துத் தேடலாம். பட்டியல் நீளமாக வரும். ஒவ்வொன்றையும் திறந்து, கடைசியில் நிலை என்ன என்று போட்டிருக்கும் ஒரு வரியைப் பாருங்கள்: காப்புரிமை வழங்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, பரிசோதனைக் கோரிக்கையே இன்னும் வரவில்லையா?