மோட்டார் வண்டியின் நாடி பார்த்தல்

மனிதனுக்கு நோய் வந்தால் வாய் திறந்து சொல்லுகிறான். மோட்டார் வண்டிக்கு வாய் இல்லை, ஒலி உண்டு. உறுமலும் முனகலும் கிறீச்சிடலுமே அதன் மொழி. அம்மொழியை அறியாதவர் இருவகைத் துன்பம் அடைகின்றனர். ஒரு சாரார் ஒலியைப் பொருட்படுத்தாது ஓட்டிச் சிறு பழுதைப் பெரும் பழுதாக்கிக் கொள்கின்றனர். மற்றொரு சாரார் ஒலி கேட்ட மாத்திரத்தே அஞ்சி, நல்ல பாகங்களையும் கழற்றி மாற்றிப் பணத்தை இழக்கின்றனர். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த முறை வண்டிக்கும் பொருந்தும்.

இதனை விளக்குதற்கு எம்.ஜி.பி. என்னும் ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்திலுள்ள அபிங்டன் நகரில், 1962 முதல் 1980 வரை, 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகள் செய்யப்பட்டன. இயந்திரத்திற் பிறக்கும் விசை முதலிற் கிளச்சுக்கும், பின்னர் கியர்ப் பெட்டிக்கும் செல்கிறது. அங்கிருந்து நீண்ட சுழல்தண்டு வழியாகப் பின்னச்சிலுள்ள டிபரன்ஷியலை அடைந்து, பின் சில்லுகளை உருட்டுகிறது. ஓசை இவ்வழியில் எந்த இடத்திற் பிறக்கிறது என்பதே நாம் காண வேண்டியது.

இவ்வண்டியிற் கிளச்சின் சிறிய பாகம் ஒன்றை மாற்றுவதாயினும் இயந்திரத்தையே வெளியில் தூக்க வேண்டும். பின் சில்லிலுள்ள பழுதைக் கிளச்சின் பழுதென மயங்கி இயந்திரத்தைத் தூக்கியவர் நிலை என்னாகும்? கூலியும் போம், நாளும் போம். ஓசை மட்டும் போகாது.

நின்ற நிலையிற் சோதனை

வண்டியைத் திறந்த வெளியிற் சமதரையில் நிறுத்துக. மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓட்டுதல் உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள நச்சு வாயு மணமின்றியே கொல்லும். கைப் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, இயந்திரத்தை மெதுவாக ஓட விடுக. இப்பொழுது கிளச்சு மிதியை அழுத்தியும் விட்டும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மிதியை விட்டிருக்கையில் உறுமல் கேட்டு, அழுத்தியதும் அது மறைந்தால், கியர்ப் பெட்டிக்குள்ளே பழுதுண்டு என ஐயுறலாம். மிதியை அழுத்தும்போது பெட்டியின் முதல் தண்டு சுழற்சி ஒழிகிறது. ஆதலின் அதனைத் தாங்கும் பெயாரிங்கின் ஓசையும் ஒழிகிறது.

இதற்கு மாறாக, மிதியை அழுத்தும்போதே ஓசை தோன்றுமாயின், கிளச்சை விடுவிக்கும் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எம்.ஜி.பி. வண்டியில் இது குண்டுகள் கொண்டதன்று. கரியாலான ஒரு வளையம். கரி தேய்ந்து தீர்ந்தபின் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து கிறீச்சிடும். தேவையின்றி மிதியின்மேற் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இவ்வளையத்தின் ஆயுளைக் குறைக்கும்.

ஓடும் நிலையிற் சோதனை

இனி வண்டியைச் செலுத்திப் பார்ப்போம். முதல் மூன்று கியர்களிலும் முனகல் கேட்டு, நாலாவதில் அடங்கினால், அதன் காரணம் எளிது. நாலாவது கியரில் விசை நேராகச் செல்கிறது. மற்றவற்றிலோ பெட்டியின் கீழே கிடக்கும் துணைத்தண்டின் வழியாகச் செல்கிறது. எனவே துணைத்தண்டையும் அதன் பெயாரிங்குகளையும் ஆராய வேண்டும். நாலாவதிலும் நியூட்ரலிலும் ஓசை ஓயாதிருப்பின் குற்றம் முதல் தண்டின் பெயாரிங்கைச் சாரும்.

எல்லா முனகலும் நோயன்று. 1967 ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை வந்த வண்டிகளின் முதற் கியரும், பின்செல்லும் கியரும் நேராக வெட்டப்பட்ட பற்களை உடையன. அவை இயல்பாகவே ஓலமிடும். அதனைக் கேட்டுப் பெட்டியைப் பிரித்தல் பேதைமை.

வேகத்தோடு கூடிக் குறையும் ஓசையானால், சமதரையான, வெறிச்சோடிய வீதியிற் சில விநாடிகள் கிளச்சை அழுத்தி, இயந்திரத்தின் வேகத்தைத் தணித்துப் பார்க்கலாம். ஓசை மாறாதாயின் குற்றம் இயந்திரத்தைச் சார்ந்ததன்று. விசை கொடுக்கையில் ஊளையிட்டு, விட்டதும் அடங்குவது பெரும்பாலும் டிபரன்ஷியலின் பற்சில்லு. விசையால் மாறாது, வண்டி இடமோ வலமோ சாயும்போது மாறுவது சில்லின் பெயாரிங். வீதியின் தளம் மாறும்போது தானும் மாறுவது வெறும் ரயரின் ஓசை.

‘டக்’ என்னும் ஓசை

புறப்படும்போதும் விசையை விட்டுக் கொடுக்கும்போதும் பின்னால் ‘டக்’ எனக் கேட்பது இவ்வண்டியிற் பெரிதும் அறியப்பட்ட முறைப்பாடு. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சுழல்தண்டின் யூனிவர்சல் ஜொயின்ற் தேய்ந்திருக்கலாம். டிபரன்ஷியலினுள்ளே உள்ள வாஷர்கள் தேய்ந்திருக்கலாம். அல்லது கம்பிச் சில்லின் நடுவே, குடத்தோடு பொருந்தும் பல்வரிகள் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவதே மிக ஆபத்தானது. பல்வரிகள் முற்றாக அழிந்தால் அச்சில்லுக்கு விசை போகாது, பிரேக்கும் பிடியாது. இயந்திரத்தை நிறுத்தி, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப் பிரேக்கை இறுக்கி, பின் சில்லை ஜாக்கியால் உயர்த்துக. வண்டியை உறுதியான தாங்கியில் இருத்திய பின் சில்லை முன்னும் பின்னுமாகத் திருப்ப முயல்க. குடம் அசையாதிருக்கச் சில்லு மட்டும் அசையுமாயின் அவ்வண்டியை வீதிக்குக் கொண்டு செல்லலாகாது.

எம்.ஜி.பி. வண்டி நம் வீட்டிலில்லையே என வாசகர்கள் எண்ண வேண்டாம். நமது வீதிகளில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் வண்டியின் அமைப்பும் இதுவே. அதன் கிளச்சிலும் கரி வளையமே உண்டு. பின் சில்லுகளே அதனையும் செலுத்துகின்றன.

மாணவர்கள் இதில் ஒரு பாடத்தைக் காணலாம். ஏனையவற்றை மாற்றாது ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கவனித்தலே விஞ்ஞான முறை. கிளச்சு மிதியும் கியரும் வேகமும் இங்கே நமது சோதனைக் கருவிகள். ‘வண்டி சத்தம் போடுகிறது’ என்று மட்டும் திருத்துபவரிடம் சொல்லாது, எந்தக் கியரில், எந்த வேகத்தில், மிதியை அழுத்தியபோதா விட்டபோதா என்று ஒரு தாளிற் குறித்துக் கொடுப்போமாக. அத்தாள் அவருடைய உழைப்பையும் நமது பணத்தையும் காப்பதோடு, சில வேளைகளில் வண்டியில் இருப்போரின் உயிரையும் காக்கும்.