துப்பாக்கித் தடை: போலீஸார் மனத்தில் இருப்பது என்ன?

அமெரிக்காவில் நியூடவுன் என்ற ஊர். 2012 டிசம்பர் 14-ம் தேதி ஓர் இளைஞன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, படபடவென்று சுடும் துப்பாக்கியால் 20 பச்சிளங் குழந்தைகளையும் பெரியவர்கள் 6 பேரையும் கொன்றான். இத்தகைய துப்பாக்கிகளைத் தடை செய்ய வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது.

விசையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு குண்டு பாயும். அடுத்தது தானாகவே ஏறிக்கொள்ளும். இவற்றில் பல ரகங்களுக்கு 1994-ல் தடை வந்தது. 2004-ல் அது காலாவதியாயிற்று. மீண்டும் தடை விதிக்கும் யோசனை 2013-ல் செனட் சபையில் 40-க்கு 60 என்ற ஓட்டுக் கணக்கில் தோற்றது.

போலீஸார் என்ன சொல்கிறார்கள்? குண்டுக்கு எதிரே முதலில் நிற்பவர்கள் அவர்கள்தானே! போலீஸ் தலைவர்களின் சர்வதேச சங்கம் தடையை ஆதரித்தது. ஆனால் 2013-ல் 'போலீஸ்ஒன்' என்ற செய்தி நிறுவனம் தன் உறுப்பினர்களைக் கேட்டபோது, 15,000-க்கு மேற்பட்டோர் பதில் தந்தனர். 'தடையால் நன்மை இராது' என்றவர்கள் 10-க்கு 9 பேர்!

1936-ல் நடந்த வேடிக்கை

பதில்கள் குவிந்தால் மட்டும் போதுமா? 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. 'லாண்டன் ஜெயிப்பார்' என்று அது முழங்கிற்று. ஜெயித்தவரோ ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ல்! டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்தே பெரும்பாலான பெயர்களை எடுத்தார்கள். அவர்களிலும் விருப்பப்பட்டவர்களே பதில் எழுதினார்கள்.

'போலீஸ்ஒன்' கணக்கிலும் இதே குறை உண்டு. ஆத்திரமுள்ளவன் முந்திக்கொண்டு பதில் சொல்வான். மற்றவன் பேசாமல் இருந்துவிடுவான்.

அப்படியானால் அது வெறும் புளுகா? இல்லை. 2016-ல் 'பியூ' ஆராய்ச்சி நிலையம் 54 போலீஸ் இலாகாக்களில் சுமார் 8,000 பேரை விசாரித்தது. தடையை ஆதரித்தவர்கள் 100-க்கு 32 பேர்தான். பொதுமக்களிலோ 64 பேர்! 100 போலீஸார்கூட இல்லாத சிறிய இலாகாக்கள் இதில் சேரவில்லை. கேள்வியும் வேறு: முன்னது பலனைக் கேட்டது; பின்னது சம்மதத்தைக் கேட்டது. ஆனாலும் போலீஸாரில் பெரும்பாலோர் தடையை விரும்பவில்லை என்பதை இரண்டும் காட்டுகின்றன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் அது சரி. அப்போதும் தெரிவது போலீஸாரின் எண்ணமே. தடை வந்தால் குழந்தைகள் பிழைப்பார்களா என்பதை ஓட்டெடுத்துத் தீர்மானிக்க முடியாது.